இடம் கிடந்தது, வீடு இல்லை: மெயின்ஃபிரேம் சர்வருக்கு ஃபைல் சிஸ்டம் தேர்ந்த அனுபவம்

2016-ல் படைப்புக்காக, அதாவது முன்னோர்களுக்குப் பங்காளிகள் கூடிப் படைக்கும் வழிபாட்டுக்காக, காரைக்குடிக்கு வந்திருந்தேன். பங்காளிகள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கி, வீடு அடங்கும்போது இரவு பதினோரு மணி. முகப்பில் பாயை விரித்துச் சாய்ந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாங்கள் பராமரித்துக்கொண்டிருந்த மெயின்ஃபிரேமில் (பெரிய நிறுவனங்களின் கணக்குகளை ஓட்டும் பெரிய கணினி) ஓடும் லினக்ஸ் சர்வர் ஒன்று புதுக் கோப்பு எதையும் எழுத மறுக்கிறதாம். இடம் இல்லை என்கிறதாம். மாதக் கடைசி வேறு. வாடிக்கையாளர்களின் கணக்கு அறிக்கைகள் லட்சக்கணக்கில் வந்து சேருகிற இரவு அது.

டேட்டா கார்டைச் செருகி உள்ளே போய்ப் பார்த்தேன். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை 51 சதவீதம் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. 200 ஜிபியில் ஏறக்குறையப் பாதி சும்மா கிடக்கிறது. ஆனால் வெறும் கோப்பு ஒன்றைக்கூட உருவாக்க முடியவில்லை. அனுமதி சரியாக இருக்கிறதா, யாராவது கோட்டா (இட வரம்பு) போட்டுவிட்டார்களா, டிஸ்க் படிக்க மட்டும் என்று மாறிவிட்டதா என்று இருபது நிமிடம் தேடினேன். அதற்குப் பிறகுதான் டிஎஃப் கட்டளையோடு 'ஐ' சேர்த்துப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஐநோடு 100 சதவீதம் தீர்ந்திருந்தது.

கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். கோப்பின் அளவு, உரிமையாளர், அதன் தகவல் டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நாங்கள் போட்டிருந்த ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, ஈஎக்ஸ்டி4. அதில் மொத்தம் எத்தனை ஐநோடு என்பது ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் நாளிலேயே முடிவாகிவிடும். எதுவும் சொல்லாமல் விட்டால் 16 கேபி இடத்துக்கு ஒன்று என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். 200 ஜிபிக்கு 1 கோடியே 31 லட்சம். எங்கள் அறிக்கைகளோ சராசரியாக 6 கேபி. 4 கேபி பிளாக்குகளில் (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் கட்டங்கள்) இரண்டைப் பிடித்து, டிஸ்க்கில் 8 கேபியாக உட்காரும். 1 கோடியே 31 லட்சம் கோப்புகள் சேர்ந்தபோது பாதி இடம்தான் நிரம்பியிருந்தது. ஐநோடு மட்டும் முழுக்கத் தீர்ந்துவிட்டது.

வெளிச்சம் கண்டு அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) எழுந்து வந்தார். "என்னப்பா, இன்னும் படுக்கலையா?" என்றார். சொன்னேன். "பாதி இடம் கெடக்குங்கறே, அப்பறம் ஏன் இடமில்லேங்குது?" என்று கேட்டார். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வளவுப் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம வளவு மாதிரிதானே? வீடு கட்டுனப்ப ஆறு புள்ளின்னு நெனச்சு ஆறு வீடு வெச்சாக. ஏழாவது புள்ளிக்கு வீடு இல்லே. மாடியும் பட்டாலையும் எவ்வளவு கெடந்து என்ன செய்ய?"

எங்கள் பக்கம் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் எங்களுக்கு ஒரு புள்ளி. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளை வீடு என்போம். புள்ளிக்கு ஒரு வீடு. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். அப்பச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் நான் அன்றிரவு புரிந்துகொண்டதைவிட அவர் புரிந்துகொண்டது தெளிவாக இருந்தது. பத்து வருடம் ஆனாலும் ஐநோடு பற்றிப் புதியவர்களுக்குச் சொல்லித்தரும்போது அந்த ஆறு வீட்டைத்தான் சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், தேவகோட்டையைச் சேர்ந்த தம்பி ஒருவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, மெயின்ஃபிரேம் லினக்ஸ் குழுவில் போட்டிருக்கிறார்கள். "அண்ணே, புது சர்வர் வருது. எந்த ஃபைல் சிஸ்டம் போடலாம்? ஒரே வார்த்தையிலே சொல்லுங்கண்ணே" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. என் கையால் நடந்த தவறுகளைச் சொன்னால் அவருக்குப் பயன்படும் என்று நினைத்தேன்.

அந்த இரவு என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. மெயின்ஃபிரேம்காரனுக்கு இந்த நோய் புதிதே கிடையாது. பழைய பிடிஎஸ் வகை டேட்டாசெட்டை (மெம்பர்கள் என்ற பல சிறு கோப்புகளை உள்ளே வைக்கும் மெயின்ஃபிரேம் கோப்பு) ஒதுக்கும்போதே, மெம்பர்களின் பெயர்ப் பட்டியலான டைரக்டரிக்கு இத்தனை பிளாக் என்று எண்ணிக் கொடுத்துவிடுவோம். உள்ளே மெம்பர்கள் கூடிக்கொண்டே போய் அந்த பிளாக்குகள் தீர்ந்தால், டேட்டாசெட்டில் எத்தனை சிலிண்டர் (டிஸ்க் இடத்தின் அலகு) காலியாக இருந்தாலும் வேலை பி14 என்ற பிழைக் குறியோடு அபெண்ட் ஆகி, அதாவது பாதியில் முறிந்து, நிற்கும். இடம் தீர்ந்தால் வருவது பி37, டி37, இ37. டைரக்டரி தீர்ந்தால் வருவது பி14. இரண்டும் வேறு வேறு நோய் என்று பயிற்சிக் காலத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன். பின்னால் வந்த பிடிஎஸ்இ-யில் டைரக்டரி தேவைக்கேற்பத் தானே வளரும். ஈஎக்ஸ்டி4-க்கும் எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஐநோடு விஷயத்தில் இருக்கிற வேறுபாடும் இதேதான். எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளை முன்கூட்டி எண்ணி வைக்காமல், வேண்டும்போது காலி இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் என்றதும் அது வேறு உலகம் என்று நினைத்து, எனக்குத் தெரிந்ததையே நான் கொண்டுபோகவில்லை. மெயின்ஃபிரேமிலிருந்து லினக்ஸ் பக்கம் வருகிற எல்லாருக்கும் இதை அழுத்திச் சொல்வேன். பழைய அறிவை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வராதீர்கள்.

அன்றைக்குச் செய்த முதலுதவி எளிதானது. கையிருப்பில் மூன்று டிஸ்க் இருந்தது. அவற்றை எல்விஎம் தொகுப்பில் (பல டிஸ்க்குகளை ஒரே இடமாகச் சேர்த்து, வால்யூம்களாகப் பிரித்துத்தரும் லினக்ஸ் வசதி) சேர்த்து, வால்யூமை 50 ஜிபி நீட்டி, ஃபைல் சிஸ்டத்தையும் ஓடும்போதே நீட்டினேன். ஈஎக்ஸ்டி4-ஐ நீட்டினால் அதே விகிதத்தில் புது ஐநோடுகளும் வரும். 32 லட்சத்து 76 ஆயிரம் கிடைத்தது. இரண்டு மணிக்குள் அறிக்கைகள் மறுபடி ஓடத் தொடங்கின. பாதி காலியாக இருந்த சர்வருக்கு இன்னும் இடம் கொடுத்துத்தான் அதைப் பிழைக்க வைத்தோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்த மாதம் அந்த அறிக்கைகள் முழுவதையும் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாற்றினோம். கோடிக்கணக்கான சின்னக் கோப்புகளை நகர்த்துவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அனுபவப்படாமல் நம்ப மாட்டீர்கள். 100 ஜிபியை நாலே பெரிய கோப்புகளாக நகர்த்தினால் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். அதே 100 ஜிபி, ஒன்றரைக் கோடித் துண்டாக இருந்ததால், சனிக்கிழமை காலை தொடங்கியது திங்கள் விடியற்காலைதான் முடிந்தது. ஃபைல் சிஸ்டத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், அந்த வாரக் கடைசிதான் என் நினைவுக்கு வரும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. நீட்டலாம், சுருக்க முடியாது. மாற்றிய உற்சாகத்தில் தாராளமாக 400 ஜிபி கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து பக்கத்து சர்வருக்கு 100 ஜிபி அவசரமாகத் தேவைப்பட்டது. இங்கே அதைவிட அதிகம் காலியாகக் கிடந்தும் திரும்ப எடுக்க வழியில்லை. பிரதி எடுத்து, அழித்து, சிறிதாக உருவாக்கி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. அதிலிருந்து எல்விஎம் தொகுப்பில் இடத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, ஃபைல் சிஸ்டத்துக்குத் தேவையானதை மட்டும் கொடுத்து, நிரம்ப நிரம்ப நீட்டுகிறேன்.

இனி டிஸ்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெயின்ஃபிரேமில் ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மற்ற சர்வர்களைவிட முக்கியம்.

எங்கள் டிஸ்க்குகள் மெயின்ஃபிரேமுக்கே உரிய டாஸ்டி வகை, 3390 மாடல் 27. ஒரு டிராக்கில் (டிஸ்க்கின் ஒரு வட்டத் தடம்) 56,664 பைட். 15 டிராக் சேர்ந்தது ஒரு சிலிண்டர். மாடல் 27-ல் 32,760 சிலிண்டர். பெருக்கினால் 27.84 ஜிபி வரும். திட்ட அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருந்தேன். எட்டு டிஸ்க் போதும், 222 ஜிபி கிடைக்கும் என்று கையெழுத்தும் போட்டேன். ஆனால் லினக்ஸுக்காக 4 கேபி பிளாக்கில் ஃபார்மட் செய்தால் ஒரு டிராக்கில் 12 பிளாக்தான் உட்காரும். அதாவது 49,152 பைட். மீதி, பிளாக்குகளுக்கு இடையில் வரும் இடைவெளிக்கும் தலைப்புக்கும் போய்விடும். டிஸ்க் ஒன்றுக்கு 24.15 ஜிபிதான் கையில் வந்தது. எட்டு டிஸ்க்கில் 193. நிறுவும் நாளன்று ஒன்பதாவது டிஸ்க்குக்காகச் சேமிப்புக் குழுவிடம் போய் நின்றோம். பிளாக் அளவை 512 பைட் என்று வைத்தால் இன்னும் மோசம். டிராக்குக்கு 49 பிளாக்தான், பாதிக்கு மேல் வீணாகும். லினக்ஸுக்கு டாஸ்டி என்றால் 4096 என்பதை மாற்ற எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைத்ததில்லை.

இன்னொரு சர்வரில் நடந்தது இதைவிடப் பெரிய பாடம். எழுதுவது மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தது. ஈஎக்ஸ்டி3-லிருந்து ஈஎக்ஸ்டி4-க்குப் போனோம், பிறகு எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் போனோம். மூன்று வாரம் ஓடியது, ஒவ்வொரு முறையும் அளந்தோம். வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. சேமிப்புக் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் வந்து ஒரே கேள்வி கேட்டார். "பிஏவி போட்டிருக்கீங்களா?" போடவில்லை.

டாஸ்டியின் இயல்பு அது. ஒரு டிஸ்க் முகவரிக்கு ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோள்தான் போகும். மேலே எத்தனை புரோகிராம் காத்திருந்தாலும் வரிசை ஒன்று, ஜன்னல் ஒன்று. வரிசையில் நிற்பவர்களின் சட்டையை மாற்றிவிட்டு வரிசை ஏன் நகரவில்லை என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பிஏவி என்பது அதே டிஸ்க்குக்குக் கூடுதல் முகவரிகள் கொடுப்பது. ஹைப்பர்பிஏவி-யில் அந்த மாற்று முகவரிகள் பொதுவாக இருக்கும், எந்த டிஸ்க்குக்கு எப்போது தேவையோ அதற்கு அப்போது போகும். அதோடு இன்னொரு குறையும் தெரிந்தது. எல்விஎம்-ல் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தோம். முதல் டிஸ்க் நிரம்பும்வரை மற்றவை வேடிக்கை பார்க்கும். அதை, தகவலை எல்லா டிஸ்க்கிலும் பகிர்ந்து எழுதும் ஸ்டிரைப் முறைக்கு மாற்றினோம். இரண்டையும் செய்த பிறகு புகார் நின்றது. மேலே இருந்தது எந்த ஃபைல் சிஸ்டம் என்பது அந்த வேகத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மெதுவாக இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் இப்போது முதலில் கீழே இருக்கும் டிஸ்க்கைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து வருவது சொல்லவே கஷ்டமானது. ஒரே மெயின்ஃபிரேமைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து ஓட்டும் இசட்/விஎம்-ன் கீழ் இரண்டு லினக்ஸ் கெஸ்ட் (அப்படி ஓடும் கணினி) ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அறிக்கைகளை எழுதும். மற்றொன்று அவற்றைப் படித்து அனுப்பும். இரண்டுக்கும் ஒரே மினிடிஸ்க்கை (டிஸ்க்கிலிருந்து கெஸ்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) கொடுத்துவிட்டால் நெட்வொர்க்கில் பிரதி எடுக்க வேண்டாமே என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. இசட்/விஎம்-ல் ஒரு மினிடிஸ்க்கைப் பல கெஸ்டுகளுக்கு எழுதும் உரிமையோடு இணைக்க வழி இருக்கிறது, எம்டபிள்யூ என்று போட்டால் போதும். போட்டார்கள். மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு டைரக்டரியில் வேறொரு டைரக்டரியின் கோப்புப் பெயர்கள் தெரிந்தன. ஒருவர் கணக்கு அறிக்கையைத் திறந்தால் பாதிக்குப் பிறகு இன்னொருவருடையது வந்தது. உடனே இரண்டையும் நிறுத்தினோம். சரிபார்ப்புக் கருவியை ஓட்டியதும் ஆயிரக்கணக்கான துண்டுகள் பெயரில்லாமல் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' (காணாமற்போய்க் கிடைத்தவை) டைரக்டரிக்குப் போய் விழுந்தன. முந்தைய பேக்கப்பிலிருந்து மீட்டு, நடுவில் வந்த அறிக்கைகளை மூலத்திலிருந்து மறுபடி ஓட்டி எடுத்தோம். வெளியே எதுவும் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

காரணம் இதுதான். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்றவை இந்த டிஸ்க்கை நான் ஒருவன்தான் ஆள்கிறேன் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்தப் பிளாக் காலி என்ற விவரத்தை ஒவ்வொரு லினக்ஸும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். மற்றவர் அந்தப் பிளாக்கில் எழுதிவிட்டது இதற்குத் தெரியாது. ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு எழுதி, சாயங்காலம் ஒன்றன்மேல் ஒன்றை அடித்து வைத்தால் என்ன ஆகும்? இரண்டு பேரும் நேர்மையானவர்கள், இரண்டு பேரும் சரியாக எழுதியவர்கள். கணக்கு மட்டும் பாழ்.

ஒருவர் எழுதட்டும், மற்றவர் படிக்க மட்டும் செய்யட்டும் என்றாலும் ஆபத்து தீராது. எழுதுகிறவர் மாற்றிக்கொண்டே இருந்தால் படிக்கிறவரின் நினைவகத்தில் இருப்பது பழையதாகிவிடும். தப்பான இடத்தைப் படிப்பார். பகிரும் டிஸ்க்கில் யாருமே எழுதாமல் இருந்தால்தான் அது பாதுகாப்பு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் (பயன்பாட்டுக்குத் திறந்தாலும்), ஜர்னலில் (எழுதப்போவதை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) முடியாத வேலை மிச்சமிருந்தால் அதை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் திறக்கும். டிஸ்க்கையே எழுத முடியாதபடி இணைத்திருந்தால் மவுண்ட் ஆக மறுக்கும். ஜர்னலைத் தொடாதே என்ற தெரிவைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல கெஸ்டுகள் உண்மையிலேயே சேர்ந்து எழுத வேண்டும் என்றால் அதற்கென்று எழுதப்பட்ட ஜிஎஃப்எஸ்2, ஐபிஎம்-ன் ஜிபிஎஃப்எஸ் போன்றவற்றுக்குப் போங்கள், அல்லது ஒருவரிடம் டிஸ்க்கைக் கொடுத்து மற்றவர்கள் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக வரட்டும். நாங்கள் என்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தோம். கொஞ்சம் மெதுதான். ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜர்னல் என்றதும் ஐயாவின் (தாத்தாவின்) கணக்குப் பெட்டி நினைவுக்கு வருகிறது. அவர் பர்மாக் கடையில் பெட்டியடிப் பையனாகப் போய் மேலே வந்தவர். நடந்தது நடந்தபடி முதலில் சிட்டையில் எழுதுவார்கள். பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். நடுவில் என்ன தடை வந்தாலும் சிட்டையைப் பார்த்து எங்கே விட்டோம் என்று கண்டுபிடித்துவிடலாம். ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இயல்பான அமைப்பில் ஜர்னலில் போவது கட்டமைப்பு பற்றிய குறிப்புகள் மட்டும்தான், அதாவது எந்தக் கோப்பு, எந்த இடம், எவ்வளவு நீளம் என்பவை. கோப்பின் உள்ளடக்கம் அதில் போகாது. சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் ஃபைல் சிஸ்டம் ஒழுங்காக இருக்கும். கடைசிச் சில விநாடிகளில் எழுதியது இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

ஒரு முறை கெஸ்ட் ஒன்றைத் தவறுதலாகத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். எழுந்து வந்தபோது முப்பது நாற்பது கோப்புகள் பெயரோடு, பூஜ்யம் நீளத்தோடு இருந்தன. ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் சத்தம். புரோகிராமைத் திறந்து பார்த்தால், எழுதி முடித்ததும் எஃப்சிங்க் அழைப்பே கொடுக்கவில்லை. டிஸ்க்கில் இறக்கினேன் என்று உறுதி வாங்காமலே மூலக் கோப்பை அழித்திருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். ஃபைல் சிஸ்டத்தை மாற்றவில்லை.

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பற்றித் தம்பி தனியாகக் கேட்டார். இயங்குதளம் இருக்கும் ரூட்டுக்கு எனக்கு அது பிடிக்கும். பேட்ச் போடுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து, சரிவரவில்லை என்றால் பழைய நிலைக்குப் போய்விடலாம். சூசே லினக்ஸ் தன் 12-ஆம் பதிப்பிலிருந்து ரூட்டுக்கு அதையும், தரவுக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸையும் இயல்பாக வைத்திருப்பது நியாயமான பிரிவினை என்றே நினைக்கிறேன். டேட்டாபேஸ் கோப்புகளை மட்டும் பிடிஆர்எஃப்எஸ்ஸில் அப்படியே வைக்காதீர்கள். அது இருந்த இடத்தில் திருத்தி எழுதாது, ஒவ்வொரு திருத்தத்தையும் புது இடத்தில் எழுதும். டேட்டாபேஸோ ஒரே கோப்புக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கும். கோப்பு துண்டு துண்டாகச் சிதறும். ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைத்தால் பழைய பிளாக்குகள் விடுபடாமல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கோப்பை அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று தேடினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மெயின்ஃபிரேமின் சொந்த இயங்குதளமான இசட்/ஓஎஸ் பக்கம் தேர்வு செய்ய இப்போது அதிகம் இல்லை. அதன் யூனிக்ஸ் பகுதியில் முன்பு எச்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று இரண்டு இருந்தன. 2021-ல் வந்த 2.5 பதிப்போடு எச்எஃப்எஸ் ஆதரவு நின்றுவிட்டது. பழைய டேட்டாசெட்டுகளை மாற்றாமல் அந்தப் பதிப்புக்கு ஏற முடியாது. மாற்றுவதற்கான கருவியை ஐபிஎம்-மே தருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த இசட்எஃப்எஸ் வேறு, சோலாரிஸ் இயங்குதளத்தில் பிறந்த இசட்எஃப்எஸ் வேறு. பெயர்தான் ஒன்று. மெயின்ஃபிரேமில் இருப்பது விசாம் லீனியர் டேட்டாசெட் என்ற மெயின்ஃபிரேம் கோப்பு வகைக்குள் உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மற்றதன் கையேட்டை இரண்டு நாள் படித்துவிட்டு, அதில் சொன்ன கட்டளை ஒன்றுகூட ஓடவில்லையே என்று வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்எஃப்எஸ் தகவலை டிஸ்க்கில் எழுதும் பைட் வரிசையும் மெயின்ஃபிரேம் செயலியின் பைட் வரிசையும் ஒன்றே, ஆகவே அதுதான் இதற்குப் பொருத்தம் என்று ஒரு வாதம் காதில் விழும். தகவல் உண்மைதான். தேர்வுக்கு அதைக் காரணமாக வைக்காதீர்கள். பைட்டைத் திருப்பிப் போடுவது செயலிக்கு ஒரு வேலையே இல்லை. ஈஎக்ஸ்டி4 இங்கே நன்றாகவே ஓடுகிறது. சிறிய வால்யூம், அளவு தெரிந்த கோப்புகள், பின்னால் சுருக்க வேண்டிய வாய்ப்பு என்றால் நான் இன்றும் அதைத்தான் போடுவேன்.

இவ்வளவையும் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டு, பெயரைத் தேர்வதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். பழைய சர்வரில் கோப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் சராசரி எவ்வளவு, யார் யார் எழுதுகிறார்கள், ஒரு நாளில் எத்தனை வருகிறது, எத்தனை அழிகிறது என்று எண்ணி எடுத்துவரச் சொன்னேன். பேக்கப்பிலிருந்து ஒரு முறை முழுவதும் மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும் குறிக்கச் சொன்னேன். "அது எதுக்குண்ணே, பேக்கப்புதான் தெனமும் ஓடுதே?" என்றார். "ஓடறது தெரியும் தம்பி. திரும்பி வருதான்னு பாத்தீங்களா?" என்றேன்.

பத்து நாள் கழித்துப் பிள்ளையார்பட்டிக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். வளவில் உட்கார்ந்து, ஆச்சி கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் நோட்டைத் திறந்தார். நாலு கோடிக் கோப்புகள். சராசரி 900 பைட். உள்ளடக்கம் மொத்தம் 36 ஜிபிதான். 4 கேபி பிளாக்கில் உட்கார்ந்து 164 ஜிபி பிடித்திருக்கிறது. மீட்டுப் பார்த்தது 31 மணி நேரம் ஓடியிருக்கிறது. அவர்கள் சர்வர் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது, எட்டு மணி நேரம்தான் கெடு.

எந்த ஃபைல் சிஸ்டம் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தபடியே, "இத்தனை சின்னதா வெச்சிருக்கவே கூடாது போலண்ணே" என்றார். ஒரு நாளில் வந்ததை ஒரே கோப்பாகக் கட்டி, உள்ளே எது எங்கே என்பதற்கு ஒரு சின்ன டேட்டாபேஸ் அட்டவணை வைக்கலாம் என்று இருவரும் பேசி முடிவுசெய்தோம். கட்டிய கோப்புகளுக்கு எக்ஸ்எஃப்எஸ், ரூட்டுக்கு அவர்கள் லினக்ஸ் விநியோகத்தில் இயல்பாக வருவது, நாலு டிஸ்க்கில் ஸ்டிரைப், எல்விஎம் தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு. ஆறிப்போன காபியை ஆச்சி எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தார். அடுத்த வாரம் சோதனை சர்வரில் ஒரு மாதத் தரவை ஏற்றி, அதிலும் முதலில் மீட்பைத்தான் ஓட்டிப் பார்க்கப் போகிறார்.